மருந்து திணிக்கும் ரிவால்வர்: எந்தக் கருமருந்தை வாங்குவது?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ரிவால்வர்களான கோல்ட் 1851 நேவி, கோல்ட் 1860 ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி ஆகியவற்றின் நகல்களை இத்தாலியின் பியெட்டா, உபெர்ட்டி நிறுவனங்கள் செய்து விற்கின்றன. என்னிடம் இருப்பது .44 காலிபர் (குழல் விட்ட அளவு) ரெமிங்டன் நகல். இதற்குத் தோட்டா கிடையாது. சிலிண்டர் அறையில் மருந்தைக் கொட்டி, ஈய உருண்டையை இறுக்கி, பின்னால் நிப்பிளில் (துளையுள்ள சிறு முனையில்) கேப் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) மாட்ட வேண்டும். அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. புகையில்லா மருந்தை விலக்குங்கள்

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் பிளந்து கை போய்விடும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: புகையில்லா மருந்துக்கும் கிராஃபைட் பூச்சு உண்டு, அதுவும் கருப்பாகவே தெரியும். டப்பாவில் ‘கருமருந்து’ அல்லது ‘கருமருந்துக்கு மாற்று’ என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். யாராவது வேறு டப்பாவில் மாற்றி நிரப்பிக் கொடுத்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

2. மணியின் அளவு

கருமருந்தின் பருமனை எஃப் எழுத்துகளால் குறிப்பார்கள். எஃப் கூடக் கூட மணி சிறுக்கும், வேகமாக எரியும். ரிவால்வருக்கு மூன்று எஃப். இரண்டு எஃப் பெரிய குழல் நீளத் துப்பாக்கிகளுக்கானது. நான்கு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றவைப்புக் கிண்ணத்துக்கு. அதை அறைக்குள் கொட்ட வேண்டாம்.

3. அசலா, மாற்றா?

எனக்கு அசல் கருமருந்துதான் பிடிக்கும். சிறு பொறியிலேயே பற்றும், ஒவ்வொரு முறையும் ஒரே சீராக வெடிக்கும். ஸ்விஸ் மருந்து விலை அதிகம். ஆனால் சுத்தமாக எரியும். கோயெக்ஸ், ஷூட்சன் இரண்டும் பழகுவதற்கு ஏற்றவை.

சிக்கல் என்னவென்றால், அசல் கருமருந்து வெடிபொருள் பட்டியலில் வருவதால் பல கடைகள் அதைச் சேமித்து வைப்பதே இல்லை. பைரோடெக்ஸ் போன்ற மாற்றுகளுக்கு அந்தக் கெடுபிடி குறைவு. அருகில் அசல் கிடைக்காவிட்டால் பைரோடெக்ஸ் பி வாங்குங்கள். பி என்ற எழுத்து முக்கியம், அதுதான் கைத்துப்பாக்கிக்கானது. டிரிபிள் செவன் என்ற இன்னொரு மாற்று வீரியம் கூடியது. அதே வேகத்துக்குக் கருமருந்தின் கொள்ளளவில் 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும். அதனால் தொடக்கக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

4. அளப்பது: நான் தவறிய இடம்

கையேட்டில் ‘30 கிரெயின்’ என்றிருந்தது. கிரெயின் என்பது எடையின் அலகு. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஆகவே மின்தராசில் பைரோடெக்ஸை 30 கிரெயின் நிறுத்து அறையில் கொட்டினேன். அறை ஏறக்குறைய நிரம்பியது. உருண்டையை வைத்து நெம்புகோலை அழுத்தினேன். ஈயம் வளையமாகச் சீவிக்கொண்டு இறங்கியது. ஆனால் உருண்டையின் தலை சிலிண்டர் முகப்புக்கு வெளியே மொட்டுப்போல நின்றது. சிலிண்டரைத் திருப்பினேன். உருண்டை ரிவால்வரின் உலோகச் சட்டத்தில் இடித்து நின்றுவிட்டது. நல்லவேளையாகக் கேப் எதுவும் மாட்டியிருக்கவில்லை. நிப்பிளைக் கழற்றி, மருந்தை உதிர்த்து, பின்பக்கத்திலிருந்து உருண்டையைத் தள்ளி எடுக்க ஒரு பிற்பகலே போனது.

ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? இதுவும் அப்படித்தான். கையேட்டில் வரும் கிரெயின், மாற்று மருந்துக்கு எடை அல்ல. அதே எடையுள்ள கருமருந்து அடைத்துக்கொள்ளும் இடம். பைரோடெக்ஸ் அதே இடத்தில் சுமார் 30 சதவீதம் எடை குறைவாக இருக்கும். தராசில் 30 நிறுத்தபோது நான் 40-ஐத் தாண்டிய கொள்ளளவைக் கொட்டியிருக்கிறேன். டிரிபிள் செவனில் இதே தவறு இன்னும் ஆபத்தானது.

எனவே தராசை ஒதுக்கிவிட்டு, கோடு போட்ட பித்தளை அளவுக்குழல் ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் குழலை நான் விரும்புவதில்லை. மருந்துத்தூள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இரும்புச் சட்டமுள்ள .44-க்கு நான் 25 கிரெயின் கொள்ளளவில் தொடங்கினேன், இன்றும் அதையே போடுகிறேன். உங்கள் கையேடு சொல்லும் வரம்பே உங்களுக்கு வரம்பு. டப்பாவிலிருந்து நேராக அறைக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் கையிலிருக்கும் டப்பாவே வெடிக்கும்.

மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கக் கூடாது. அளவு குறைந்தால் மக்காச்சோள ரவையாலோ, எண்ணெய் தோய்த்த கம்பளி வில்லையாலோ நிரப்புங்கள்.

பின்சேர்க்கை 1: கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் போட்டது பைரோடெக்ஸ். மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அசலைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். நிப்பிள் துளையில் எண்ணெய் தங்கியிருந்தாலும் இப்படி ஆகும். மருந்து போடுவதற்கு முன், அறை காலியாக இருக்கும்போதே, துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, வெறும் கேப் ஒன்றை வெடித்துப் பாருங்கள். வெடிக்காத அறையை உடனே திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே காத்திருங்கள்.

பின்சேர்க்கை 2: பித்தளைச் சட்ட ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அளவைக் குறைத்தே போடுங்கள். பித்தளை மென்மையானது, கூடுதல் மருந்தால் சட்டம் நெகிழ்ந்து சிலிண்டர் ஆடத் தொடங்கும்.

அசலோ பைரோடெக்ஸோ, அதன் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றிரவே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் இரும்பு தானாகவே உலர்ந்துவிடும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிடுங்கள்.