தமிழ் அவசரமும் மலையாள அவசரமும்

நமக்கு அவசரம் என்றால் தலைபோகிற வேலை. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் அதே சொல்லுக்கு ‘வாய்ப்பு’ என்று அர்த்தம். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க ஏலக்காயைத் தீய்த்தவன் நான். வேலையில் நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது என்று அன்றைக்குப் பிறகு தோன்றியது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், பச்சைக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற காய் ஸ்டோரில் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆள் குறைந்தால் அடுப்புக் காவலும் என் தலையில்தான். ஒரு சாயங்காலம் முதலாளி போனில், “நல்லொரு அவசரமா, களயண்டா” என்றார். மறுநாள் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் போலிருக்கிறது, காய்ந்து கிடக்கிற சரக்கை அனுப்பிவிடு, வாய்ப்பை விடாதே என்கிறார். எனக்குக் காதில் விழுந்தது அவசரம் மட்டும். தட்டில் கிடந்த பச்சைக்காயும் விடிவதற்குள் காய்ந்தாக வேண்டும் என்று நானே முடிவுகட்டி, அடுப்பில் விறகை அள்ளித் திணித்தேன்.

ஏலக்காய் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய ஒரு ராப்பகல் காய வேண்டிய பொருள். சூடு எகிறினால் பச்சை நிறம் போகும், தோல் வெடிக்கும், வாசனை எண்ணெய் பறந்துவிடும். காலையில் கதவைத் திறந்தபோது என்ன மணம்! எனக்குப் பெருமைகூட வந்தது. முதலாளி ஒரு காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “இந்த மணமெல்லாம் காய்க்குள்ள இருக்கணும் தம்பி” என்றார். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அன்றைக்குத் தேறியதும் வெளுத்துப் போய்த்தான் இருந்தது.

எனக்கு மலையாளம் தெரியாதது தவறில்லை. தெரிந்த சொல் மாதிரி இருந்ததால் திருப்பிக் கேட்காமல் விட்டேனே, அதுதான் தவறு. புரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். புரிந்த மாதிரி இருக்கிற சொல்லில்தான் மாட்டிக்கொள்வோம். ‘கொஞ்சம் சீக்கிரம்’ என்று மேலதிகாரி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இன்றைக்கா, இந்த வாரத்துக்குள்ளா என்று ஒரு வரி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கேட்காமல் ராத்திரி கண்விழித்துவிட்டு, காலையில் ‘நான் அத அடுத்த வாரத்துக்குத்தானப்பா கேட்டேன்’ என்று அவர் சொல்லக் கேட்பதைவிட அது மேல்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பறிப்பது. ஏலச்செடியின் அடியில் தரையை ஒட்டிச் சரம் ஓடும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். தோட்டத்தில் ஒரு அக்கா ஒரு காயை நகத்தால் கீறிக் காட்டினார்: தோல் பச்சை, உள்ளே விதை மட்டும் கறுத்திருந்தது. “இதான் எடுக்கிற பக்குவம். மத்ததுக்கு அப்புறம் வருவோம்.” அந்த ‘அப்புறம்’ என்பது 40, 45 நாள் கழித்து. கூடை சீக்கிரம் நிறையட்டும் என்று பிஞ்சையும் சேர்த்து இழுத்தால் காயும்போது சுருங்கிப்போகும். ஜனவரி 1 அன்று நடை, தியானம், டயரி, இங்கிலீஷ் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வரும். பக்குவமான ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றதற்கு அடுத்த சுற்று இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து ஓடுவதும் இதே ரகம்தான். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை மனதில் வைத்துக் கடன் வாங்கிக் கன்று நட்டவர்களும் உண்டு. செடி பலனுக்கு வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும். 2021இல் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியிருந்தது. அடுத்தவன் உச்சத்தில் இருக்கும் நாளில் நம் கணக்கைப் போட்டால் இப்படித்தான். வாய்ப்பு ஒருமுறைதான் கதவைத் தட்டும் என்கிற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. புத்தடியிலும் போடியிலும் ஏலம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அடுத்து, கோபத்தில் செய்கிற தவறு. குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது புது டிரைவர்கள் வழிநெடுக பிரேக்கை மிதிப்பார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும், வளைவில் மிதித்தால் நிற்காது. எங்கள் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒன்றுதான் சொல்வார்: “ஏறுன கியர்லயே எறங்கு.” வாக்குவாதம் உச்சத்துக்கு வந்தபிறகு நாக்கைக் கட்டுப்படுத்தப் பார்ப்பதும் வளைவில் பிரேக் தேடுவது மாதிரிதான். வேகத்தை முன்னாடியே குறைத்திருக்க வேண்டும். கடுப்பேற்றுகிற ஆளின் போனை எடுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது என் கியர்.

தியானத்தையும் ஒரு வேலையாக்கி, செயலியில் இன்றைக்குப் பத்து நிமிஷம் முடித்தாயிற்று என்று கணக்குக் காட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. குமுளி மலையடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டியதும் மின் நிலையத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை இறக்குகிற ராட்சதக் குழாய்கள் தெரியும். ஜீப்பில் பாதிப்பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல நாள் அப்படித்தான். தலையை நிமிர்த்தினால் போதும், செயலி வேண்டாம்.

அந்த முதலாளியிடம் இன்னும் தொடர்பு இருக்கிறது. அவர் போனில் அவசரம் என்றால், “தமிழ் அவசரமா, மலையாள அவசரமா மொதலாளி?” என்று கேட்பேன். சிரிப்பார். போன மாதம் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ரெண்டும் இல்ல, நாளைக்குப் பேசலாம்” என்று போனை வைத்துவிட்டார்.