ஃபோர்டிங்கால் போகிறவர்களுக்கு

எடின்பரோவிலிருந்து காலையில் கிளம்பி, ஸ்காட்லாந்தின் ஃபோர்டிங்காலில் நிற்கும் மிகப் பழைய யூ மரத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்பவர்களிடம், போகவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபோர்டிங்கால் சின்னஞ்சிறிய ஊர். ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல், நாணல் கூரை வேய்ந்த சில வீடுகள். மரத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஊர் இருப்பது கிளென் லையன் பள்ளத்தாக்கின் வாசலில். வாசல்வரை போய்விட்டு உள்ளே நுழையாமல் திரும்புவது என்ன பயணம்? ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

மே அல்லது செப்டம்பர் மாதம் நல்லது. ஜூலையில் காற்று நின்ற சாயங்காலங்களில் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி முகத்தை மொய்க்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

ரயிலில் வருகிறவர்கள் பிட்லோக்ரியில் இறங்கலாம். அதற்குமேல் கார்தான் வசதி. ஆபெர்ஃபெல்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, 1733இல் ஜெனரல் வேட் கட்டிய குறுகலான பாலத்தைத் தாண்டி வீம் வழியாகப் போங்கள். கோஷிவில்லில் இடதுபக்கம் திரும்பினால் ஃபோர்டிங்கால்.

தேவாலய முற்றத்தில், சுற்றுச்சுவருக்குள் நிற்கிறது அந்த யூ மரம், ஊசியிலை வகை. ஒரே பெரிய அடிமரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நடுத்தண்டு எப்போதோ உளுத்துப்போய், இப்போது தனித்தனி மரங்கள் கூடி நிற்பதுபோல் தெரியும். 1769இல் பயண எழுத்தாளர் தாமஸ் பெனன்ட் அளந்தபோது சுற்றளவு 56 அடிக்கு மேல். அந்தக் காலத்தில் பிளவுபட்ட தண்டின் நடுவே சவ ஊர்வலமே போகுமாம். உள்வளையங்கள் அழிந்துவிட்டதால் வயதை எண்ணிச் சொல்ல வழியில்லை. இரண்டாயிரம் என்பார்கள், மூவாயிரம் என்பார்கள், ஐயாயிரம் என்பவர்களும் உண்டு. இது ஆண் மரம். ஆனால் 2015இல் உச்சிப் பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும் மூன்று சிவந்த பழங்கள் காணப்பட்டன. அந்தக் கிளை பெண்ணாக மாறியிருந்தது. ஞாபகத்துக்கு என்று சுள்ளி ஒடித்துப் போகும் கூட்டம் இங்கும் உண்டு. தயவுசெய்து அதில் சேராதீர்கள். இலையும் விதையும் விஷம் என்பதால் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இயேசுவைச் சிலுவையில் அறைய ஆணையிட்ட ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து இங்கே பிறந்தான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அவன் யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ரோமானியப் படை பிரிட்டனைப் பிடிக்க இறங்கியதே 43இல்தான்.

ஹோட்டலுக்கு எதிர் வயலில், உச்சியில் ஒரு கல்லுடன் சிறு மேடு தெரியும். 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்களை வெள்ளைக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் ஒரு கிழவி இங்கே கொண்டுவந்து சேர்த்தாள் என்பது ஊர்க்கதை. எனக்கு மரத்தைவிட இந்த மேடுதான் பிடிக்கும். கூரை வீடுகள் பழங்காலத்தவை போலத் தோன்றினாலும், கப்பல் முதலாளி டொனால்ட் கரி 1890ஐ ஒட்டிக் கட்டுவித்தவைதான்.

இனிப் பள்ளத்தாக்கு. சாலையில் ஒரு காருக்குத்தான் இடம். நம் ஊரைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு என்பதால் பாதிக் கவலை இல்லை. எதிரே வண்டி தெரிந்தவுடன், ‘பாசிங் பிளேஸ்’ என்று பலகை வைத்த அகலமான இடம் உங்கள் இடதுபக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலதுபக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். எதிரே வருபவர் அதற்குள் வளைந்து போய்விடுவார். குறுக்கே பாய்ந்து வலதுபக்கம் நுழைந்தால் இருவரும் முட்டிக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். மேடேறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி முந்தவிடுங்கள், அவருக்கு வேலை இருக்கும். கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கினால் வணக்கம் ஆயிற்று. அந்த இடங்களில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போவதைப் போல இங்கே எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை.

சில கிலோமீட்டரில் லையன் ஆறு, பாறைகளுக்கிடையே நெருக்கிக்கொண்டு பாயும் இடம் வரும். 16ஆம் நூற்றாண்டில் மக்கிரெகர் குலத் தலைவன் கிரெகர், துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப இங்கே தாண்டினான் என்பார்கள். அகலத்தைப் பார்த்தபின் நம்புவதா என்று முடிவு செய்யுங்கள். விளிம்புக்குப் போகாதீர்கள், பாசி வழுக்கும். பிரிட்ஜ் ஆஃப் பால்கி என்னும் குக்கிராமத்தில் தேநீர்க்கடை உண்டு. திறக்கும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொட்டியும் இருக்கட்டும்.

நடக்கத் தெம்பிருந்தால் நடக்கலாம். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பாக நடப்பவரைத் தடுக்க முடியாது. நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போவதும், ஆடு குட்டி போடும் காலத்தில் நாயைக் கயிற்றில் கட்டிக் கையில் பிடித்துக்கொள்வதும் அந்தப் பொறுப்பில் அடக்கம். வீடு வந்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்புவதற்கு, பால்கியிலிருந்து பென் லாயர்ஸ் மலையோரமாக லாக் டே ஏரிக்கு இறங்கும் சாலை அழகானது. பனிக்காலத்தில் அதில் பனியை உருக்கும் உப்பு தூவ மாட்டார்கள். அந்த மாதங்களில் வந்த வழியே திரும்புங்கள்.