ஜுவாங் சடங்குப் பாட்டு படிக்கப் போறீங்களா? நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க

மொதல் சறுக்கல் பேர்லயே வரும். தென்சீனாவுல குவாங்சில இருக்கிற ஜுவாங் மக்கள், சடங்குல இந்தப் பாட்டை ஓதுறவரை பௌமோன்னு சொல்றாங்க. லத்தீன் எழுத்துல எழுதும்போது நடுவுல ஒரு எக்ஸ் வரும், நான் ரொம்ப நாள் "பௌக்ஸ்மோ"ன்னே வாசிச்சிட்டு இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அது டோனை, அதாவது குரல் ஏத்த இறக்கத்தைக் காட்டுற குறியாம், வாயில வர்ற எழுத்தே இல்ல. அதே மாதிரி இந்தப் பாட்டுகள்ல வர்ற பாவ் ரோதோவும் புலுவோதுவோவும் ரெண்டு பேர் இல்ல, பின்னது சீன உச்சரிப்பு. பாவ்னா தாத்தா. உலகத்துக்கு ஒழுங்கு வச்சுக் குடுத்த ஆதி தாத்தா அவரு.

அடுத்து, இந்தப் பாட்டுகளை ஒரே புக்குன்னு நெனச்சு "ஒரிஜினல்" தேடுறது. அப்படி ஒண்ணு கெடையாது. ஊருக்கு ஊர் பௌமோக்கள் கையால காப்பி எடுத்து வச்சிருந்த ஏடுகள்தான், 2004ல 29 கைப்பிரதிகளைச் சேர்த்து 8 வால்யூமா போட்டாங்க, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

பெரிய தப்பு எதுன்னா கதையா மட்டும் படிக்கறது. இந்தப் பாட்டுகள்ல வர்ற ஹான்வுவெங் கதையையே எடுத்துக்கோங்க. மூத்தாள் பையன் ஹான்வுவெங், இளையாள் பையன் சோவுவெங், சொத்துலயும் பதவிலயும் சண்டை, தம்பி அண்ணனைக் கொல்லப் பாக்குறான், அண்ணன் வானத்துக்குப் போயி அங்கேருந்து பஞ்சம் நோயின்னு வரிசையா அனுப்புறான், கடைசில தம்பி தூது விட்டு ஆளுக்கொரு பங்கா பிரிச்சுக்கிறாங்க. நல்ல கதைதான். ஆனா இதை எப்ப ஓதுவாங்க தெரியுமா? குடும்பத்துல தீராத பகை இருக்கறப்போ, யாராவது துர்மரணமா போனப்போ. அதாவது பேசித் தீர்க்க முடியாத அண்ணன் தம்பி தகராறை, ஆதியில நடந்த தகராறோட சேர்த்து வச்சு, அது எப்படி முடிஞ்சுதோ அப்படியே இதையும் முடிக்கறாங்க. எருமையோட உயிரைத் திருப்பிக் கூப்பிட ஒரு பாட்டு, நெல்லோட உயிரைக் கூப்பிட இன்னொண்ணு. உழவும் நெல்லும்தான் சோறுன்னு இருக்கிற ஊர்ல இதெல்லாம் வேலைங்க, பொழுதுபோக்கு இல்ல. அதனால எந்தப் பாட்டை எடுத்தாலும் "எதுக்காக ஓதுனாங்க"ன்னு பாத்துட்டு அப்புறம் உள்ள போங்க.

எழுத்தைப் பாத்துட்டு "சீனமொழி தானே"ன்னு சொல்றவங்களும் உண்டு. அது சாவ்ந்திப், சீன எழுத்தை வச்சு ஜுவாங் சொல்லை எழுதற முறை. ஜுவாங்ல "நா"ங்கற சொல்லுக்கு வயல்னு அர்த்தம். அதே ஓசை உள்ள சீன எழுத்தை எடுத்து, கூட வயலுக்கான எழுத்தை ஒட்டி புது எழுத்தே பண்ணிட்டாங்க. ஓசைக்கு வச்ச எழுத்துக்குச் சீன அர்த்தம் போட்டா "அந்த"ன்னு வரும், வயல் போச்சு!

பௌமோவைச் சாமியாடின்னு சொல்லாதீங்க. சாமி வந்து ஆடறவங்க வேற, அதுல பெண்கள்தான் அதிகம். பௌமோ பெரும்பாலும் ஆம்பள, ஏட்டைப் பாத்து ஓதுறவரு. மூணாம் மாசம் மூணாம் தேதி திருவிழால ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லி எதிர்ப்பாட்டு பாடறாங்களே, அதையும் இதோட குழப்பிக்காதீங்க.

எதுகை இயைபு தேடற ஆளா இருந்தா இன்னொண்ணு. பெரும்பாலும் வரிக்கு 5 அசை, ஒரு வரியோட கடைசிச் சொல்லு அடுத்த வரியோட உள்ளுக்குள்ள போயி எதிரொலிக்கும். கடைசிக்குக் கடைசி பொருத்திப் பாத்தா ஒண்ணும் மாட்டாது.

திரும்பத் திரும்ப வர்ற வரியை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. "மூணு உலகை மூணு அரசர்கள் வச்சாங்க, நாலு உலகை நாலு அரசர்கள் படைச்சாங்க"ன்னு ஆரம்பிக்கும், நடுவுல கஷ்டம் வந்தா "பாவ் ரோதோவைப் போயி கேளு"ன்னு வரும். போரடிக்குதேன்னு நான் தாண்டிப் போனேன், பாத்தா பரிகாரம் சொல்ற இடமே அதுக்கு அடுத்த வரிதான்.