ஜோடியாகச் சேர்ந்தவர்கள் வகுப்பில் பிரிந்து பயிலுங்கள்

தற்காப்புக் கலை வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் காதலர்களும் தம்பதியரும், புதிய உத்தி ஒன்றைக் கற்கும்போது தங்களுக்குள் ஜோடி சேராமல் ஆளுக்கொரு சக மாணவருடன் பயின்றுவிட்டு, அன்றிரவே வீட்டில் பத்து நிமிடம் அதை இருவருமாக மெதுவாகச் செய்து பார்த்தால், ஒருவர் கவனிக்கத் தவறியது மற்றவரிடமிருந்து கிடைத்துவிடும். அதே பாடத்துக்காக இன்னொரு வகுப்பைச் செலவிட வேண்டியிராது.

அன்புக்குரியவரின் மணிக்கட்டைப் பிடிக்கும்போது நம் பிடி தானாகவே தளர்கிறது. அவர் நம் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி விடுவிக்கும் முன்பே நம் விரல்கள் விலகிவிடுவதால், உத்தி கைவந்துவிட்டதென அவர் நம்பிவிடுகிறார். எடையும் உயரமும் வேறான ஒருவர் இறுக்கிப் பிடிக்கும்போதுதான், பாதம் எங்கே நிற்க வேண்டும், இடுப்பு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது உடலுக்குப் புரியும். ஆசிரியர் சொன்னால் பாடமாகத் தோன்றும் திருத்தம், துணைவர் சொன்னால் குறைகூறலாகப் படுவதும் உண்டு என்பதால், அந்தப் பொறுப்பை ஆசிரியரிடமே விட்டுவிடுவது நல்லது.

ஜூடோவின் நாகே நோ காட்டா போல இருவர் சேர்ந்து செய்துகாட்டும் வடிவங்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஒரே துணையுடன் பழகுவதே சரி. காயத்திலிருந்து மீண்டுவருபவரும் தன் உடல்நிலையை அறிந்த துணையுடனே பயிலலாம். தூக்கி எறிதல், கழுத்து நெரிப்பு, மூட்டுப் பூட்டு ஆகியவற்றை மட்டும் வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்; அவற்றுக்கு மெத்தை விரிப்பும் ஆசிரியரின் கண்காணிப்பும் கட்டாயம் வேண்டும்.