கல்லடிக் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் பார்ப்பது

சிக்கல் சேர்வைக்கு (நடுவில் உலோக அயன், அதைச் சுற்றிப் பிடித்தபடி வேறு மூலக்கூறுகள் அல்லது அயன்கள்) பெயர் வைப்பதை உயர்தரப் பிள்ளைகள் ஒரு கொப்பியிலும், நியமிப்பை (செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பதை) இன்னொரு கொப்பியிலும் எழுதுகிறார்கள். நான் இரண்டையும் ஒரே மேசையில்தான் படிப்பிப்பேன். உலோக அயனை யார் பிடித்திருக்கிறார் என்பதே இரண்டிலும் கேள்வி.

செப்புச் சல்பேற்றுக் கரைசலில் அமோனியாவைக் கூடுதலாக விட்டால் கடும் நீலம்: ரெற்றாஅமீன்கொப்பர்(2) அயன். அதே கரைசலில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் மஞ்சள்: ரெற்றாகுளோரிடோகியூப்பிரேற்று(2) அயன். உலோகத்தைப் பிடித்திருக்கும் இணையி முன்னால், உலோகம் பின்னால், கடைசியில் ஒட்சியேற்ற எண் (பரீட்சையில் உரோம இலக்கத்தில் எழுதுங்கள்). சிக்கல் அயனுக்கு மறை ஏற்றம் இருந்தால் மட்டும் உலோகத்துக்கு 'ஏற்று' என்று வால் முளைக்கும். இரண்டு வகை இணையி வந்தால் ஆங்கில எழுத்து வரிசை. டை, ரெற்றா எல்லாம் அந்த வரிசையில் சேராது. ஆகவே ரெற்றாஅமீன்டைகுளோரிடோகுரோமியம்(3). பெயருக்கு இவ்வளவு போதும்.

மறுகா, நியமிப்பு. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் கிணறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். கல்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை. இதைத்தான் நீரின் வன்மை என்கிறோம்.

இந்த அயன்களைப் பிடிக்கும் இணையி ஈ.டி.ரி.ஏ. அதன் நீரேறிய இருசோடிய உப்பில் 0.931 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 250 மி.லீ. ஆக்குங்கள். செறிவு லீற்றருக்கு 0.01 மூல். அதை அளவியில் (பியூரெற்று) நிரப்புங்கள். கூம்புக் குடுவைக்குள் குழாயியால் (பிப்பெற்று) 50 மி.லீ. கிணற்று நீர். அமோனியா, அமோனியம் குளோரைட்டுத் தாங்கற் கரைசலில் 1 அல்லது 2 மி.லீ. விட்டால் பி.எச். 10 அளவில் நிற்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூக்கு எரியும். காட்டி, அதாவது முடிவை நிறத்தால் காட்டும் சாயம், எரியோகுரோம் பிளாக் ரீ. அந்தத் தூள் கத்தி நுனியளவு போதும். கூடினால் நிறம் கறுத்துவிடும்.

குடுவை இப்போது வைன் சிவப்பு. காட்டி மக்னீசியத்தைப் பிடித்திருக்கும் நிறம் அது. ஈ.டி.ரி.ஏ. இறங்க இறங்க, வாவி நண்டு கவ்வுவதுபோல் முதலில் கல்சியத்தை ஆறு இடத்தில் பிடிக்கும். அடுத்தது தனியே நிற்கும் மக்னீசியம். கடைசியில் காட்டியின் கையில் இருப்பதையும் பறிக்கும். வெறுங்கையோடு நிற்கும் காட்டி நீலம். நடுவில் ஓர் ஊதா வரும், அதில் நிறுத்திவிடாதீர்கள். கீழே வெள்ளைத் தாள் வைத்து, ஒரு துளி, ஒரு சுழற்று, சில விநாடி பொறுமை. சிவப்புச் சாயல் துளியும் இருக்கக் கூடாது. அதற்காக ஆற அமரவும் செய்ய முடியாது: தாங்கற் கரைசல் விட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகத் தொடங்கும்.

கணக்கு சுகம். இந்தச் செறிவில் 1 மி.லீ. ஈ.டி.ரி.ஏ.க்கு 1 மி.கி. கல்சியம் காபனேற்று. 50 மி.லீ. நீருக்கு 14.20 மி.லீ. போனால், 20ஆல் பெருக்க, லீற்றருக்கு 284 மி.கி. வன்மை.

கல்சியம் மட்டும் வேண்டுமென்றால் தாங்கற் கரைசலுக்குப் பதில் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு பி.எச்.சை 12க்கு மேலே ஏற்றுங்கள். மக்னீசியம் ஐதரொட்சைட்டாக ஒதுங்கிவிடும். காட்டி மியூரெக்சைட்டு, இளஞ்சிவப்பு ஊதாவாகும் இடம் முடிவு. இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம் மக்னீசியம். குடுவையில் இருக்கும் கல்சியத்தின் பெயர், எதிலீன்டைஅமீன்ரெற்றாஅசற்றேற்றோகல்சேற்று(2) அயன், இப்போது வாயில் வந்துவிடும்.

தண்ணீரை வாளியால் நேரே கிணற்றில் அள்ளுங்கள். துருப்பிடித்த பழைய குழாயில் பிடித்தால், அதிலுள்ள இரும்பு காட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு விட்டாலும் நீலம் வராது.