கப்பல் ஏறுவதற்கு முன் சிங்கப்பூரில் இரண்டு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கான திட்டம்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று போய்வர நம் ஊரிலிருந்து நிறைய குடும்பங்கள் பதிவு செய்கின்றன. பாதிப் பேருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கப்பலுக்குப் பணம் கட்டியதும், "எப்படியும் சிங்கப்பூர் போகிறோம், ஊரையும் பார்த்துவிடலாம்" என்று தோன்றும். பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் திட்டத்தைக் கப்பல் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஊர் சுற்றும் பட்டியலை முதலில் எழுதி, கப்பலைக் கடைசியில் செருகினால் கடைசி நாள் முழுக்கப் பதற்றம்தான்.

படி 1: டிக்கெட்டில் இரண்டு விஷயம் பாருங்கள்

ஒன்று, எந்த முனையம். சிங்கப்பூரில் பயணிகள் கப்பலுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. 2012-இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர் ஒன்று. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். இன்னொன்று ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி வணிக வளாகத்தை ஒட்டி இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் டாக்ஸியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள், முகவரியையும் காட்டுங்கள்.

இரண்டு, நேரம். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கப்பல் கிளம்பும் நேரம். நமக்கு வேண்டியது அது இல்லை. செக்-இன் எப்போது முடிகிறது என்பதுதான் முக்கியம். கப்பல் நிறுவனத்தைப் பொறுத்து, கிளம்புவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆன்லைனில் செக்-இன் செய்யும்போதே முனையத்துக்கு வரவேண்டிய நேரத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மதியத்துக்கு முந்தைய நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: விசா, வருகை அட்டை

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாக விண்ணப்பிக்கலாம். உள்ளே நுழையும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்கக் கூடாது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இவ்வளவும் முகவரே சொல்லிவிடுவார். நீங்களாகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: விசா பலமுறை நுழைவதற்கானதா? கப்பலில் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். கையில் இருப்பது ஒருமுறை விசா என்றால் செக்-இன் மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கப்பல் நிற்கும் மற்ற நாடுகளுக்கான விதியையும் கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நாங்கள் இறங்கவே போவதில்லை" என்றாலும் சில கப்பல்களில் அந்த நாட்டு அனுமதி இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

அடுத்தது எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற வருகை அட்டை. சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில், வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். பணம் கேட்டால் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

படி 3: விமானம் எந்த நாள்?

கப்பல் கிளம்பும் அதே நாளில் வந்து இறங்கும் விமானம் வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான், நேரமும் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால். கணக்கில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் விமானம் தாமதமானாலோ ஒரு பெட்டி வராமல் போனாலோ சரிசெய்ய நேரம் இருக்காது. கப்பல் சனிக்கிழமை என்றால் வியாழன் காலை இறங்குங்கள். இரவு பதினொரு மணிவாக்கில் கிளம்பும் விமானத்தில் ஏறினால் அங்கே விடியற்காலையில் இறங்கலாம். இரண்டு இரவு, ஒன்றே முக்கால் நாள் கையில் இருக்கும். முதல் சந்திப்புக்கு அது போதும்.

படி 4: தங்குமிடம்

என் பரிந்துரை லிட்டில் இந்தியா அல்லது பக்கத்து ஃபாரர் பார்க். நம் சாப்பாடு கிடைக்கும் என்பது ஒரு காரணம். ரயில் வசதி அதைவிடப் பெரிய காரணம். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. நீலத் தடமான டவுன்டவுன் லைனில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட்; மரினா பே சாண்ட்ஸ் விடுதியும் கார்டன்ஸ் பை த பே பூங்காவும் அங்கேதான். ஊதாத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அதே ஊதாத் தடம் நேராக ஹார்பர்ஃபிரண்டில் போய் முடிகிறது. மரினா பே முனையம் என்றால் லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தமான தோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறி, அதன் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் "மரினா பே" என்றே ஒரு நிலையம் வரும். பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா நிரம்பி வழியும். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகள் வாரத்தில் ஒருநாள் நண்பர்களைப் பார்க்கக் கூடுகிற நேரம் அது. சில பயணக் குறிப்புகள் இதை "தவிர்க்க வேண்டியது" என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஊரைக் கட்டுகிறவர்கள் அவர்கள். கூட்டத்தில் நடக்க முடிந்தால் போய்ப் பாருங்கள், நாலு வார்த்தை பேசுங்கள்.

படி 5: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சாங்கி விமான நிலையத்தின் எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறினால் லிட்டில் இந்தியாவுக்கு வேறு மாற்றமே இல்லை. தனியாக டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் காட்டிவிட்டுப் போகலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் இயக்கி வையுங்கள். அட்டை இல்லாத பெரியவர்களுக்கு நிலையத்திலேயே ஈஸிலிங்க் என்ற பயண அட்டை வாங்கிக் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு காரில் போவதாக இருந்தால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்ஸிகளுக்கு இதில் விலக்கு உண்டு, கிராப் போன்ற தனியார் வாடகைக் கார்களுக்குக் கிடையாது. ஆகவே டாக்ஸியே எளிது.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூயிங் கம், மின் சிகரெட், மெல்லும் புகையிலை மூன்றும் தடை. சிகரெட்டுக்கு வரிச் சலுகை ஒரு குச்சிக்குக்கூட இல்லை. அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

படி 6: முதல் நாள்

விடுதி அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு தேக்கா நிலையம் என்ற சந்தையின் உணவுக் கடைகளில் காலை உணவு சாப்பிடுங்கள். அப்புறம் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். 2015-இல் திறந்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள். நம் ஆட்கள் எப்படிக் கடல் தாண்டி வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எதைக் கட்டி எழுப்பினார்கள் என்பது தெரிந்த பிறகு வெளியே வந்து பார்த்தால் ரயில் நிலையப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்துக்கே மதிப்பு கூடும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மதியம் தூங்குங்கள். இரவு விமானத்தில் வந்த உடம்பு கேட்கும்.

மாலை ஆறு மணிக்குப் பேஃபிரண்ட். கார்டன்ஸ் பை த பேயில் 25 முதல் 50 மீட்டர் உயரம் வரை நிற்கும் சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்களின் கீழே 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி ஒலிக் காட்சி. இலவசம்தான். புல்லில் துண்டை விரித்துப் படுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. முதல் காட்சி முடிந்ததும் மரினா பே சாண்ட்ஸ் வழியாக நீர்க்கரைக்கு நடந்தால் 9 மணி நீரூற்றுக் காட்சியும் கிடைக்கும், அதுவும் இலவசம்.

படி 7: இரண்டாம் நாள்

காலையில் சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் தொடங்கியது, ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் முதலில் அங்கே போங்கள். சில நிமிட நடையில் புத்தர் பல் கோயில், எதிரே மேக்ஸ்வெல் உணவு நிலையம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், அது சட்டம்.

மதியத்துக்குமேல் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, ஆற்றங்கரை நடை. மழை சொல்லாமல் வரும், குடை எப்போதும் பையில் இருக்கட்டும். செந்தோசா, யுனிவர்சல், மிருகக்காட்சி சாலை எல்லாம் இந்தப் பயணத்தில் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு முழுநாளைக் கேட்கும். கப்பல் திரும்பிய பிறகு ஒருநாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அப்போது போங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தின் உள்ளே இருக்கும் அருவியையும் ஊருக்குத் திரும்பும் நாளுக்கு வையுங்கள்.

இரவு சீக்கிரம் அறைக்கு வந்து பெட்டியைப் பிரித்து அடுக்குங்கள். முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் அறை வாசலில் வைப்பார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுடை, பிள்ளைகளுக்கு நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ரைஸ் குக்கர் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை.

படி 8: கப்பல் நாள்

இந்த நாளில் எந்த இடமும் பார்க்கக் கிளம்பாதீர்கள். காலை உணவு, குளியல், டாக்ஸி, அவ்வளவுதான். பெட்டிகளோடு ரயிலில் போகலாம், ஆனால் மரினா சவுத் பியரிலிருந்து முனையத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். பெரியவர்கள் கூட இருந்தால் டாக்ஸிக்குச் செலவழிப்பது நியாயம்.

கப்பலில் கடைசி நாளுக்கு முந்தைய இரவுக்குள் வருகை அட்டையை இன்னொரு முறை நிரப்ப வேண்டும். முதலில் நிரப்பியது முதல் நுழைவோடு முடிந்துவிட்டது. நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள் என்பதால், மூன்று நாள் கணக்குக்குள் வருகிற துறைமுகத்தில் இறங்கும்போது, கரையில் சிக்னல் கிடைத்ததும் குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து முடித்துவிடுங்கள்.