ஏரிக்கரை விடுதிக்குப் போகுமுன்: மலைநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு மலைநாட்டுக்கு வான் பிடிப்பது நம்மவர்களின் வழக்கம். ஹட்டனுக்கு அருகே காசல்ரீ, மவுசாகலை ஏரிகளின் பக்கம் விடுதி எடுப்பவர்களுக்கு முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும் மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதியில் மழையைக் கொட்டுகிறது. ஏரியைப் பார்க்கப் போய், மூன்று நாளும் வெள்ளைப் பனிப்புகாரை மட்டும் பார்த்துவிட்டு வர நேரும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வானம் தெளிவு. ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும்தான். போயா (பௌர்ணமி) நாளிலும் வார இறுதியிலும் ஹட்டன் முதல் மலையடிவார ஊரான நல்லதண்ணி வரை வாகனம் நெருக்கும். செவ்வாய், புதன் நாட்களில் போங்கள்.

இவை இயற்கை ஏரிகள் அல்ல, மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். காசல்ரீத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாகலைத் தண்ணீர் கனியன் மின்நிலையத்துக்கும் போகிறது. மழையில்லாத மாதங்களில் மட்டம் இறங்கி, ஏப்ரலில் ஜன்னலுக்கு முன்னால் செம்மண் கரைதான் விரியும். மவுசாகலை நன்றாக வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்; அதைக் காணவே போகிறவர்களும் உண்டு. விளம்பரப் படத்தை நம்பாமல், நீங்கள் எடுக்கப்போகும் அறையின் ஜன்னலிலிருந்து அந்த வாரம் எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பிற்பகலில் புகார் இறங்கிவிடுவது வழக்கம் என்பதால் காட்சிக்கு நல்ல நேரம் காலை ஆறு முதல் ஒன்பது.

கதைக்கும்போதே இன்னும் மூன்றைக் கேட்டுவிட வேண்டும். சுடுதண்ணி சூரிய சக்தியிலா, கரண்டிலா? வெயிலே காணாத நாளில் சூரியத் தொட்டி பச்சைத்தண்ணிதான் தரும். கரண்ட் போனால் ஜெனரேற்றர் ஹீற்றரையும் இயக்குமா, அல்லது லைற்றுக்கு மட்டுமா? சொன்ன விலையில் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அடங்குமா? இரண்டும் சேர்ந்தால் 10,000 ரூபாய் அறை 12,980 ரூபாயாகிவிடும்.

வீதிதான் பெரிய விடயம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். கண்டிக்குப் பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியான வளைவுப் பாதையில் யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியின் வேகத்தைக் கணக்கிடக் கூடாது. மொத்தம் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாது. காலை எட்டுக்குப் புறப்பட்டால், குறுகிய தோட்டப் பாதையின் கடைசி மைல்களை இருட்டிலும் புகாரிலும் ஓட வேண்டிவரும். விடிய நாலு மணிக்கே புறப்படுங்கள்.

சமதரையில் ஓடிப் பழகிய சாரதிகள் இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வருவார்கள். தொடர்ந்து மிதித்தால் பிறேக் பாட் சூடாகிப் பிடி குறையும். பிறேக் எண்ணெய் பழையதென்றால் அதில் ஊறிய ஈரம் கொதித்துக் குமிழாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர். ஓட்டோ கியர் வாகனத்தில் எல் அல்லது எஸ், சில ஹைபிரிட்டுகளில் பி. எரிபொருள் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதை எவரும் செய்யவே கூடாது. கருகிய மணம் வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான டிஸ்க்கில் வெடிப்பு விழலாம். இரண்டு வருடமாக மாற்றாத பிறேக் எண்ணெயென்றால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள்.

குளிருக்காகச் செய்யும் ஒரு காரியம் உயிரையே எடுக்கும்: இறைச்சி வாட்டிய கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைப் பூட்டுவது. தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வரும்போது பயணக் களைப்பென்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அப்படி யாருக்காவது வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். குளியலறைக்குள்ளேயே காஸ் ஹீற்றர் பூட்டியிருந்தால் வேறு அறை கேளுங்கள். மேலதிகக் கம்பளி கேட்பதில் வெட்கமில்லை.

காரைநகர் கசூரினாக் கடலில் நீந்துகிறவரும் நீர்த்தேக்கத்தில் இறங்கக் கூடாது. உப்புத்தண்ணி தூக்கும் அளவுக்கு நல்லதண்ணி உடம்பைத் தூக்காது. கரை திடீரெனச் சரியும், அடியில் சேறும் மரக்கட்டைகளும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த கணத்தில் மூச்சு தானாக இழுபடும். அப்போது தலை உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்போம். படகில் ஏறுமுன்பே உயிர்காப்பு அங்கியைக் கட்டுங்கள்.

சமைத்துச் சாப்பிடுவதென்றால், நுவரெலியா உயரத்தில் (1,868 மீற்றர்) தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிப்பதால் குத்தரிசி வேகச் சுணங்கும். ஒரு மணித்தியாலம் ஊறப்போடுங்கள். சத்திக் குளிசையை வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணித்தியாலம் முந்தியே போட வேண்டும். அட்டை கடித்தால் பிடுங்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.

மழை நாளில் போகத்தான் வேண்டுமென்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படுமுன் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கவும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகவும், சிவப்பு என்றால் வெளியேறவும் சொல்கிறார்கள். விடுதிக்குப் பின்னால் உள்ள சரிவில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் கண்டால், இரவானாலும் பெட்டிகளை விட்டுவிட்டுச் சரிவின் பாதையிலிருந்து விலகி வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.